தோல் நிறமிழந்து வெளுக்கும் வெண்படைக்கு ஒளிச் சிகிச்சை பலன் தருமா? தோட்டத்திலிருந்து போய்வருவது கட்டுப்படியாகுமா? வீட்டிலேயே கைவிளக்கு வைத்துக்கொள்ளலாமா?

அம்மாவுக்குப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: முகத்துக்குப் பலன் தந்தது, விரலுக்குத் தரவில்லை.

அம்மா இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். முதலில் வெளுத்தது இடுப்பில், கொழுந்து பறிக்கையில் சுற்றிக் கட்டும் படங்குச் சாக்கின் கயிறு இறுகும் இடத்தில், கயிறு மாதிரியே ஒரு கோடாக. ஓயாமல் உரசல் படும் தோலில் வெண்படை புதிதாகக் கிளம்பும் என்று பிறகுதான் தெரிந்தது. அப்புறம் கண்ணோரம், வாயோரம், விரல் நுனி. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) 'வெண்குஷ்டம்' என்று பேச்சு. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் தள்ளி நின்றார்கள். தொழுநோய்ப் படை மரத்துப்போகும். அம்மாவுக்குப் பஞ்சு பட்டாலே தெரிந்தது. இது ஒட்டும் நோயே இல்லை.

சிகிச்சை எளிதுதான். கண்ணை மறைத்துக்கொண்டு, குழல் விளக்குப் பெட்டிக்குள் நிற்க வேண்டும். 311 நானோமீற்றர் அளவிலான புற ஊதாக் கதிர், ஊசியில்லை, வலியில்லை. ஆனால் வாரம் இரண்டு தடவை கண்டிக்குப் போகவேண்டும். ஓரிரு நிமிட வெளிச்சத்துக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும்.

மூன்றாம் மாதம் கன்னத்து வெள்ளைக்குள் கடுகு தெளித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள், ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும். நிறம் தரும் செல்கள் மயிர்க்காலில் ஒளிந்திருந்து அங்கிருந்துதான் மேலே வருமாம். விரல் நுனியில் மயிர்க்கால் ஏது? அங்கே ஏறியது கொழுந்துக் கறை மட்டும்தான்.

வீட்டிலேயே வைத்துக்கொள்ளும், அதே புற ஊதாக் கதிர் தரும் கைவிளக்கைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிரித்தானியாவில் 517 பேரிடம் ஒன்பது மாதம் சோதித்தார்கள். படை வெகுவாக மங்கிவிட்டது என்று நோயாளிகளே சொன்னது ஸ்டீரொய்ட் களிம்பு மட்டும் பூசியவர்களில் 17%, களிம்போடு விளக்கும் பிடித்தவர்களில் 27%. நிறுத்தியபின் அந்தப் பலன் நிலைக்கவும் இல்லை. இதற்கு மேல் ஆசை காட்டி யாராவது விளக்கு விற்றால் வாங்காதீர்கள். டாக்டர் அளவு சொல்லாமல் பிடித்தால் தோல் வெந்துவிடும்.

உங்களுக்கு முகத்தில் என்றால் ஆறு மாதமாவது விடாமல் போய்ப் பாருங்கள். மாதம் ஒரு படம், அதே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்து வையுங்கள்; தினமும் கண்ணாடி பார்த்தால் மாற்றம் தெரியாது. கையில் மட்டும் என்றால், பஸ் காசு எடுத்துவைக்கும் முன்பே டாக்டரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்காமல் எட்டு மாதம் அலைந்தோம்.