நீர்க்கட்டிக்கு மூலிகை: கேள்வி பதில்

மூலிகை மருந்தியல் நடத்தும் ஆசிரியை நான். பிசிஓஎஸ் (பேச்சுவழக்கில் சூலக நீர்க்கட்டி) பற்றி வந்த கேள்விகளில் மூலிகை சம்பந்தப்பட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாதவிலக்கு 3 மாதத்தைத் தாண்டித் தள்ளிப்போனால் எந்தக் கஷாயத்துக்காகவும் காத்திருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

நீர்க்கட்டி கரைய எந்தக் கஷாயம் நல்லது, மேடம்?

கரைப்பதற்கு அங்கே கட்டியே இல்லை. ஸ்கேனில் சூலகத்தின் ஓரமாக முத்துக் கோத்தாற்போலத் தெரிபவை பாதி வளர்ச்சியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள். ஹார்மோன்கள் தடுமாறியதால் முதிராமல் அப்படியே நிற்கின்றன. இன்சுலின் எதிர்ப்பு (உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காத நிலை) குறைந்ததா, ஆண்ட்ரோஜென் என்ற ஆண் ஹார்மோன்கள் இறங்கியதா, மாதவிலக்கு சீரானதா என்று பாருங்கள். ஒரு மூலிகை வேலை செய்கிறதா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அக்கா, முகத்தில் முடி அதிகம். ஒரு மாதமாகப் புதினாத் தேநீர் குடிக்கிறேன். ஒரு முடிகூடக் குறையவில்லையே?

ஒரு மாதத்தில் குறையாதும்மா. 2010இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வொன்றில் 42 பெண்கள் தினம் இரு வேளை, 30 நாள் தேநீர் குடித்தார்கள். அவர்களில் ஸ்பியர்மின்ட் என்ற புதினா வகையைக் குடித்தவர்களின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்தது. முடி குறைந்ததுபோல அவர்களுக்கே தோன்றியது. ஆனால் மருத்துவர்கள் மதிப்பெண் போட்டுப் பார்த்தபோது பெரிய மாற்றம் இல்லை.

காரணம் முடியின் ஆயுள். இன்று தாடையில் தெரியும் முடி பல வாரங்களுக்கு முன்பே வேர்விட்டது. அது வளர்ந்து உதிர்ந்து, அதே இடத்தில் அடுத்தது மெலிதாக வர மாதங்கள் ஆகும். மருத்துவர் எழுதித்தரும் மாத்திரைக்கே 6 மாதம் பொறுக்கச் சொல்வார்கள். ஆய்வில் கொடுத்தது ஸ்பியர்மின்ட், அந்த முடிவைப் பெப்பர்மின்ட் என்ற வேறு புதினா வகைக்குப் பொருத்தாதீர்கள். குழந்தைக்கு முயல்பவர்கள் இதை மருந்துபோலக் குடிக்க வேண்டாம். சில மாதங்களிலேயே முடி மளமளவென்று கூடினாலோ குரல் தடித்தாலோ அது பிசிஓஎஸ்தானா என்பதே சந்தேகம். உடனே காட்டுங்கள்.

கழற்சிக்காயும் மிளகும் பொடித்துச் சாப்பிடலாமா?

கழற்சிக்காயின் பெயர் பரவிய அளவுக்கு அதற்கு ஆய்வுச் சான்று சேரவில்லை. கூட வரும் மிளகிலுள்ள பைப்பெரின், சில மாத்திரைகள் ரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டிவிடும். வேறு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.

லவங்கப்பட்டை பற்றிச் சொல்லுங்களேன்.

இதில் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. 2014இல் வந்த அமெரிக்க ஆய்வில் 45 பெண்கள் பங்கேற்றார்கள். தினம் ஒன்றரை கிராம் வீதம் 6 மாதம் பட்டை எடுத்தவர்களுக்கு மாதவிலக்கு முன்பைவிட அடிக்கடி வந்தது. சிறிய ஆய்வுதான்.

எடுப்பதானால் பட்டையைக் கையில் வைத்துப் பாருங்கள். காகிதம்போல மெல்லிய அடுக்குகள் பல சுருண்டு, விரலால் நொறுக்கினால் நொறுங்குவது சிலோன் பட்டை. ஒரே தடித்த பட்டை இரு ஓரமும் உள்ளே சுருண்டு, கட்டைபோல இருந்தால் அது காசியா. காசியாவில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம். மாதக்கணக்கில் தினமும் எடுத்தால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கும். பொடியாக வாங்கினால் எது எதுவென்று கண்டுபிடிக்க முடியாது, அதனால் முழுப் பட்டையாக வாங்கச் சொல்கிறேன்.

எனக்கும் நீர்க்கட்டிதான். கரைய என்ன சாப்பிடலாம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

பிசிஓஎஸ்ஸுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை ரசாயனம். மூலிகை இயற்கை, பக்கவிளைவே கிடையாது. எதற்காக எல்லோரையும் பயமுறுத்துகிறீர்கள்?

மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஒரு செடிதான். கலேகா என்ற செடியை ஐரோப்பாவில் பழங்காலத்தில் மருந்தாகக் கொடுத்தார்கள். அதிலுள்ள கலேகின் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நச்சு. அந்தச் செடியை மேய்ந்த ஆடுகள் செத்திருக்கின்றன. அதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த, நச்சு குறைந்த மெட்ஃபார்மினை 1922இல் ஆய்வகத்தில் செய்தார்கள். 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதை நீரிழிவுக்குப் பயன்படுத்திய விவரத்தை வெளியிட்டார். இங்கே ஆபத்தாக இருந்தது செடி, பாதுகாப்பானது மாத்திரை.

அது ஏதோ வெளிநாட்டுச் செடி. நாம் தலைமுறை தலைமுறையாகப் பழகிய மூலிகைக்கு அது பொருந்தாது.

சரி, அதிமதுரத்தை எடுத்துக்கொள்வோம். 2004இல் இத்தாலியில் 9 பெண்களுக்கு தினம் மூன்றரை கிராம் கொடுத்துப் பார்த்தார்கள், டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது. அதே அதிமதுரம் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றும். மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் சர்க்கரையைக் குறைக்கும், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஆகாது. எனக்கு மூலிகை மேல் மரியாதை உண்டு, அதைத்தான் பாடமாக நடத்துகிறேன். வேலை செய்யும் பொருள் என்று நம்புவதால்தான் அளவு பார், யாருக்கு ஆகாது என்று பார் என்கிறேன்.

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். என் தங்கைக்குக் கஷாயத்தில்தான் சரியானது. கூடவே நடைப்பயிற்சி செய்தாள், 6 கிலோ குறைந்தாள்.

நல்ல சேதி. கூடுதல் எடை உள்ளவர்களுக்கு உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே மாதவிலக்கு சீராக வாய்ப்புண்டு. பாராட்டில் பெரும்பங்கு தங்கையின் கால்களுக்குக் கொடுங்கள்.

நொச்சியும் வைடெக்ஸும் ஒன்றுதானே?

பேரினம் ஒன்று, செடி வேறு. வைடெக்ஸ் என்ற பெயரில் ஆய்வு செய்தது மத்தியதரைக் கடல் பகுதிச் செடியை, அந்த முடிவை நம் நொச்சிக்குப் பொருத்தாதீர்கள்.

தைராய்டு மாத்திரையைக் குறைக்கலாமா?

உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

மகளுக்கு 14 வயது, வயதுக்கு வந்து ஒன்றரை வருடம். 50 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. என்ன மூலிகை கொடுக்கலாம்?

எதுவும் வேண்டாம். முதல் ஒரு வருடம் இப்படித் தள்ளிவருவது சகஜம். அதன் பிறகும் 45 நாளைத் தாண்டியே வந்துகொண்டிருந்தால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். பூப்பெய்தி 8 வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்துப் பிசிஓஎஸ் என்று முடிவுகட்டக் கூடாது என்பதே 2023 சர்வதேச வழிகாட்டுதல். ஒருமுறை இடைவெளி 90 நாளைத் தாண்டினாலும் தள்ளிப்போடாமல் அழைத்துப் போங்கள். பிள்ளையிடம் "உனக்குக் கட்டி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மேடம், எனக்கு 32 வயது. 7 மாதமாக மாதவிலக்கு இல்லை. கஷாயம் குடித்துக்கொண்டே இருக்கிறேன். இன்னும் எத்தனை நாள் பார்க்கலாம்?

இனி ஒரு நாள்கூட வேண்டாம். கருமுட்டை வெளிவராதபோது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் போதிய அளவு சுரக்காது. கருப்பையின் உட்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் அப்படி விட்டால் புற்றுநோய் வரைகூடப் போகலாம். நாளை காலை கர்ப்பப் பரிசோதனை செய்துகொண்டு, கஷாயத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். உட்சுவரின் தடிமன் பார்ப்பார்கள். கர்ப்பம் இல்லையென்றால் பெரும்பாலும் சில நாள் புரோஜெஸ்டிரோன் மாத்திரை கொடுத்து மாதவிலக்கை வரவைப்பார்கள். போய்வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.