மருந்துப் பெயர் ஒரே மாதிரி ஒலிக்கிறது என்று நோட்டீஸ் வந்தால்?

கேள்வி: மதுரையில் சிறிய மருந்து நிறுவனம் நடத்துகிறேன். வெளியே தயாரித்து வாங்கி, 2018 முதல் ஓர் இரும்புச்சத்து டானிக்கை எங்கள் பிராண்டில் விற்கிறோம். டிரேட்மார்க் பதிவு செய்யவில்லை. 2021இல் தாங்கள் பதிவு செய்த பெயர்போலவே எங்களுடையதும் ஒலிக்கிறது என்று மும்பை நிறுவனம் ஒன்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. இரண்டு பெயர்களும் 'ஃபெர்' என்று தொடங்குகின்றன. டாக்டர் சீட்டைப் பார்த்துத்தானே கடையில் கொடுக்கிறார்கள், குழப்பம் எங்கே வரும்?

பதில்: அந்தக் கடைசி வாதம் எடுபடாது. ஃபால்சிகோ, ஃபால்சிடேப் என்ற மலேரியா மருந்துகள் தொடர்பான காடிலா வழக்கில் 2001லேயே உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டாக்டரும் மருந்துக்கடைக்காரரும்கூடத் தவறலாம், மருந்து மாறினால் உயிருக்கே ஆபத்து, எனவே மற்ற சரக்குகளைவிடக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்றது. டாக்டர்களின் கையெழுத்து தெரிந்த யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

'ஃபெர்' பற்றிக் கவலை வேண்டாம். இரும்பைக் குறிக்கும் அந்த அசையை யாரும் தனதாக்கிக்கொள்ள முடியாது. புரோட்டோவிட், டிராப்போவிட் வழக்கில் (1969) வைட்டமினைச் சுட்டும் 'விட்' பொதுவானது என்று சொல்லி, இரண்டு பெயர்களையும் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் மிச்சமுள்ள பகுதியும் ஒத்து ஒலித்தால் சிக்கல்தான். அமிர்ததாரா, லட்சுமண்தாரா வழக்கில் (1962) 'தாரா' பொதுச்சொல் என்ற வாதம் போதவில்லை. முழுப்பெயரையும் சேர்த்தே நீதிமன்றம் பார்த்தது.

உங்கள் உண்மையான பலம் 2018. டிரேட்மார்க் சட்டத்தின் 34ஆம் பிரிவு, பதிவு இல்லாவிட்டாலும் முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்துபவரைக் காக்கிறது. ஒரு நிபந்தனை: அவர்களுடைய பதிவு, அவர்களுடைய முதல் விற்பனை, இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்னால் நீங்கள் தொடங்கியிருக்க வேண்டும். பதிவு 2021 என்பதை மட்டும் வைத்து நிம்மதியடையாதீர்கள். டிரேட்மார்க் பதிவேட்டின் இணையத்தேடலில் அவர்கள் எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் பக்கம் முதல் இன்வாய்ஸ், தயாரிப்பாளரின் பில், லேபிள் அச்சடித்த ரசீது, வருடவாரியான விற்பனைக் கணக்கு எல்லாவற்றையும் திரட்டுங்கள். இடையில் விற்பனை நின்றிருந்தால் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

நோட்டீஸுக்குப் பதில் போடாமல் விடாதீர்கள். அதில் பெயரை மாற்றுவதாக அவசரப்பட்டு எழுதியும் விடாதீர்கள். அவர்கள் தங்கள் ஊரிலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது, எனவே மும்பையிலும் கேவியட் (உங்களைக் கேட்காமல் தடை உத்தரவு தரக் கூடாது என்ற முன்மனு) போடுவது பற்றி வக்கீலிடம் கேளுங்கள்.

தேதியில் அவர்கள்தான் முந்தியவர்கள் என்றால், இருக்கும் சரக்கை விற்க அவகாசம் கேட்டுப் பெயரை மாற்றுவது செலவு குறைந்த வழி. புதுப்பெயரைப் பதிவேட்டில் மருந்துகளுக்கான ஐந்தாம் வகுப்பில் தேடிப் பார்த்துவிட்டு உடனே பதிவுக்கு விண்ணப்பியுங்கள். மருந்து விதிகளின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, குழப்பம் தரும் பெயர் இல்லை என்று தயாரிப்பு உரிமம் கேட்பவர் படிவம் 51இல் உறுதிமொழி தர வேண்டும். உங்கள் தயாரிப்பாளர் அதைக் கேட்பார்.