இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் கல்லீரலில்தான் உருவாகிறதா? இரத்தம் உறையாமல் காப்பவை எந்தச் செல்கள்?

இல்லை. 1916-இல் நாயின் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்ததால் ஒட்டிக்கொண்ட எண்ணம் அது. ஹெப்பாரினைத் தயாரிப்பவை திசுக்களில் இருக்கும், ஒவ்வாமையில் பங்கெடுக்கும் மாஸ்ட் செல்கள். செர்கிளைசின் என்ற புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகளைக் கட்டி, சல்ஃபேட் ஏற்றி, ஹிஸ்டமினோடு சேர்த்துத் துகள்களில் அடைத்து வைக்கும். செல் தூண்டப்பட்டால்தான் அது வெளியே வரும். ஆகவே அன்றாடம் இரத்தத்தைத் திரவமாக வைத்திருப்பது ஹெப்பாரின் என்று பாடப்புத்தகப் பாணியில் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். என்டிஎஸ்டி2 என்ற நொதி இல்லாத எலிகளின் மாஸ்ட் செல்களால் ஹெப்பாரின் தயாரிக்க முடியாது. அவற்றில் கெட்டுப்போனது துகள்களின் சேமிப்புதான், இரத்தத்தின் திரவநிலை அல்ல.

உண்மையான காவல் இரத்தக்குழாயின் உள்வரிச் செல்களில், அதாவது எண்டோதீலியத்தில் நடக்கிறது. அவற்றின் மேற்பரப்பில் ஹெப்பாரினை ஒத்த சர்க்கரைச் சங்கிலியான ஹெபரான் சல்ஃபேட் இருக்கிறது. அதில் 3-ஓ-சல்ஃபேட் கொண்ட ஐந்து சர்க்கரைத் துண்டு ஒன்று அமைந்தால்தான் ஆன்டித்ராம்பின் என்ற உறைதடுப்புப் புரதம் இறுகப் பிடிக்கும். பிடித்ததும் அது இரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பினையும் செயலூட்டப்பட்ட பத்தாம் உறைதல் காரணியையும் பல மடங்கு வேகத்தில் முடக்கும். விற்பனைக்கு வரும் ஹெப்பாரினிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குச் சங்கிலிகளில்தான் அந்தத் துண்டு உண்டு. உறைதலின் தொடக்கப் படியை அடக்கும் டிஎஃப்பிஐ என்ற தடுப்பானையும் பெருமளவு எண்டோதீலியமே தருகிறது. இரத்தத் தட்டுகளை உருவாக்கும் மெகாகேரியோசைட்டுகளும் கொஞ்சம் தரும்.

இதே எண்டோதீலியச் செல்கள் தாங்கும் த்ராம்போமாடுலின் என்ற புரதம் இன்னும் சுவாரசியமானது. உறைய வைக்கும் த்ராம்பின் இதில் ஒட்டியதும் கட்சி மாறி, உறைதலை அடக்கும் புரோட்டீன் சி-யை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேகமாகச் செயலூட்டும். அந்தப் புரோட்டீன் சி, துணையான புரோட்டீன் எஸ்-ஸோடு சேர்ந்து, செயலூட்டப்பட்ட ஐந்தாம், எட்டாம் உறைதல் காரணிகளை வெட்டிவிடும்.

கல்லீரல் செல்களின் பங்கு ஆன்டித்ராம்பின், புரோட்டீன் சி, பெரும்பகுதி புரோட்டீன் எஸ். பின்னிரண்டுக்கும் வைட்டமின் கே வேண்டும். சிக்கலும் இங்கேதான். வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைத் தொடங்கினால், 6 முதல் 8 மணி நேர அரை ஆயுளே உள்ள புரோட்டீன் சி முதலில் சரியும். த்ராம்பினாக மாறும் புரோத்ராம்பின் குறைய நாட்கள் ஆகும். இடைப்பட்ட நாட்களில் இரத்தம் உறையும் போக்கு கூடி, சிலருக்குத் தோல் திசு இறந்துபோவதும் உண்டு. இரத்தக்கட்டுக்குச் சிகிச்சை தரும்போது குறைந்தது 5 நாட்கள், ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) 2-ஐத் தொட்டு ஒரு நாள் நிலைக்கும் வரை, ஹெப்பாரினையும் சேர்த்துத் தருவது இதனால்தான்.

பரிசோதனை முடிவுகளையும் இதை வைத்தே படிக்க வேண்டும். வார்ஃபரின் எடுப்பவருக்கு சி-யும் எஸ்-ஸும் குறைவாகவே காட்டும், கர்ப்பத்தில் எஸ் இறங்கும், ஹெப்பாரின் ஏறிக்கொண்டிருந்தால் ஆன்டித்ராம்பின் குறையும். ஆன்டித்ராம்பின் குறைந்திருந்து கல்லீரல் நன்றாக இருந்தால், சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்று பாருங்கள்.