சத்தம் விட்டு விட்டு வருகிறதா? மதர்போர்டை மாற்ற அவசரப்படாதீர்கள்

பன்னிரண்டு வருடப் பழைய டெஸ்க்டாப், பாட்டு ஓடும்போதே சத்தம் நின்று பிறகு தானாக வருகிறது, மதர்போர்டை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக், மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். கேபினட்டைத் திறக்காமலே மதர்போர்டு போச்சு என்று சொல்பவரிடம் கம்ப்யூட்டரைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் சோதித்தால் தெரிகிற விஷயத்துக்குப் புது போர்டு விற்கப் பார்க்கிறார்கள், எனக்கு ஆத்திரமாக வருகிறது.

முதலில் ஸ்பீக்கரை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிக் கேளுங்கள். அங்கேயும் விட்டு விட்டு வந்தால் கோளாறு ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோதான். அங்கே சரியாக இருந்தால், உங்கள் கம்ப்யூட்டரின் பின்பக்கப் பச்சை ஜாக்கில் செருகி, பாட்டு ஓடும்போதே பின்னை லேசாக அசைத்துப் பாருங்கள். சத்தம் போய்ப் போய் வந்தால் ஜாக் தேய்ந்துவிட்டது. யூஎஸ்பி துளையில் செருகி ஸ்பீக்கரை மாட்டிக்கொள்ளும் ஒரு சின்ன சவுண்ட் கார்டு வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது.

அசைத்தும் மாற்றம் இல்லையா? அப்படியானால் முன்பக்க ஹெட்போன் ஜாக்கைச் சந்தேகப்படுங்கள். அதற்குள் தூசியோ வளைந்த தகடோ இருந்தால், ஹெட்போன் செருகியிருப்பதாக நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பின்பக்கச் சத்தத்தை நிறுத்திவிடும். கரண்டை அணைத்து, ஒயரையும் பிடுங்கிவிட்டு, முன்பக்க ஜாக்கிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் கேபிளைக் கழற்றி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ஒன்று கவனம்: 2004-ல் ஹெச்டி ஆடியோ என்கிற இப்போதைய ஒலி முறை வருவதற்கு முந்தைய, ஏசி 97 என்கிற பழைய முறை போர்டுகளில் பின்பக்கச் சத்தமே அந்த முன்பக்க கேபிள் வழியாகச் சுற்றித்தான் வரும். அதைக் கழற்றினால் பின்னாலும் சத்தம் அடியோடு நின்றுபோகும், பயந்துவிடாதீர்கள், எதுவும் கெட்டுப்போகவில்லை, கேபிளைத் திரும்ப மாட்டினால் பழையபடி வரும், கேபிள் இல்லாமல் ஓட்ட வேண்டுமானால் போர்டில் அந்த கேபிள் மாட்டும் இடத்தில் 5-6, 9-10 பின்களை ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சின்ன மூடி) போட்டு இணைக்க வேண்டும். உங்களுடையது அவ்வளவு பழசு இல்லை, ஆனாலும் இதில் மாட்டிக்கொண்டு நல்ல போர்டைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் சரியென்றால் டிரைவர்தான், அதாவது சவுண்ட் சிப்பை இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருள். விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவில் கம்ப்யூட்டரை பூட் செய்து ஒரு மணி நேரம் பாட்டுக் கேளுங்கள். ஒருமுறைகூட நிற்கவில்லை என்றால் விண்டோஸ் பக்கம்தான் வில்லங்கம். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ரியல்டெக் (சவுண்ட் சிப் கம்பெனி) டிரைவரை நீக்கி, விண்டோஸோடு வருகிற பொதுவான டிரைவரைப் போடுங்கள். அடுத்த அப்டேட் பழையதையே திரும்பக் கொண்டுவந்து வைக்கலாம், போர்டு கம்பெனியோ பழைய மாடலுக்குப் புது டிரைவர் போடுவதை எப்போதோ நிறுத்தியிருக்கும், கஷ்டப்படுவது நாம்தான். அதற்காக "எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் அப்டேட்" என்று வருகிற மென்பொருள் எதையும் இறக்காதீர்கள், பணம் பிடுங்கும், கூடவே வேண்டாததையும் ஏற்றிவிடும்.

கேபினட் திறந்திருக்கும்போதே போர்டில் நிற்கும் உருளை கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். உப்பியிருந்தால் மட்டும் மெக்கானிக் சொன்னதில் நியாயம் உண்டு, அப்போதும் முழு போர்டு வேண்டாம், கெபாசிட்டரை மட்டும் மாற்றித் தருவாரா என்று கேளுங்கள்.