ஒரே கொலையில் சின்ன ஊர் 'ஆபத்தான ஊர்' ஆகிவிடுமா?

3,000 பேர் வாழும் ஓர் அமெரிக்கச் சிற்றூரின் கொலை விகிதம் நாட்டுச் சராசரியைப் போல ஐந்து மடங்கு, அங்கே குடிபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கணக்கு. 3,000 பேரில் ஒரு கொலை நடந்தால் லட்சத்துக்கு 33 ஆகிவிடும். 2020இல் நாட்டுச் சராசரி சுமார் 6.5தான். அடுத்த வருடம் கொலையே நடக்காவிட்டால்? பூஜ்யம்! அதனால் பத்து வருட எண்ணிக்கையைச் சேர்த்துப் பாருங்கள்.  

விகிதம் ஏமாற்ற இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்திலுள்ள வில்லிஸ்டன் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் அங்கே 14,716 பேர். எண்ணெய் வேலைக்கு ஆட்கள் குவிந்து 2020இல் 29,160 ஆனது. கையில் காசு, குடும்பம் தொலைவில், பக்கத்தில் மதுக்கடை. அடிதடி கூடத்தான் செய்தது. ஆனால் தற்காலிக முகாம்களிலும் வண்டிகளிலும் தங்கியவர்களில் பலர் ஊரின் மக்கள்தொகைக் கணக்கில் ஏறவில்லை. அவர்கள் சிக்கிய வழக்குகள் மட்டும் போலீஸ் ஏட்டில் ஏறின. வகுக்கும் எண் சிறுத்தால் விகிதம் வீங்கத்தானே செய்யும்?