நிதி கேள்வி-பதில்: பார்சல் கெடுபிடிக்குப் பயந்து மொத்தமாக வாங்கி வைக்கலாமா?

கேள்வி: பழைய பிலிம் கேமராக்களும் லென்ஸ்களும் சேகரிக்கிறேன். வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் ஆன்லைனில் வாங்கி, எனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சுத்தம் செய்து விற்பேன். கொஞ்ச காலமாகப் பார்சல்கள் சுங்கத்தில் நிற்கின்றன, இரண்டு திரும்பியே போய்விட்டன. சிலர் என் நாட்டுக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். விதிகள் இன்னும் இறுகுவதற்குள் வைப்புநிதியை உடைத்து 40 கேமராக்களை ஒரே தடவையில் வாங்கிப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். வைப்புநிதியைத் தொடாதீர்கள். தொழிலே வேண்டாம் என்று சொல்லவில்லை. 40 கேமராக்களை ஒரே சரக்காக எடுத்தால் இப்போது உங்களைத் தொல்லை செய்யும் அபாயங்கள் எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதோடு, இன்றைய நிலவரத்தில் இந்தத் தொழிலில் உண்மையாகவே லாபம் நிற்கிறதா என்பதை நீங்கள் இன்னும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்று உங்கள் கேள்வியே காட்டுகிறது.

அந்தக் கணக்கை முதலில் போடுவோம். எந்தக் கரன்சியாக இருந்தாலும் சரி, கேமராவின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் கூலி 30, காப்பீடு 2. பெரும்பாலான நாடுகள் இவை மூன்றையும் கூட்டி, 132-க்குத்தான் சுங்க வரி போடுகின்றன. (அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகியவை அனுப்பும் கூலியைச் சேர்க்காமல் சுங்க வரி கணக்கிடுகின்றன.) வரி 10 சதவீதம் என்றால் 13.20. ஆக 145.20. விற்பனை வரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, சுங்க வரியும் சேர்ந்த இந்தத் தொகைக்கு விழும். 20 சதவீதம் என்றால் 29.04. கூரியர் நிறுவனம் உங்கள் சார்பில் வரி கட்டியதற்கு வாங்கும் கையாளும் கட்டணம் 15. கார்டு நிறுவனம் கரன்சி மாற்றுவதற்கு எடுக்கும் 3 சதவீதம், கிட்டத்தட்ட 4. கூட்டிப் பார்த்தால் அடக்க விலை 193 ஆகிறது.

அதை 250-க்கு விற்கிறீர்கள். விற்பனைத் தளத்தின் கமிஷன் 12 சதவீதம், அதாவது 30. பேக்கிங்கும் உள்நாட்டு அனுப்புக் கூலியும் 10. கைக்கு வருவது 210. லாபம் 17-க்குச் சற்றுக் குறைவு. வருமான வரியும் உங்கள் உழைப்பும் இதற்குள் வரவில்லை.

இப்போது ஒரு பார்சல் திரும்பிப்போனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். விற்பனையாளர் நல்லவராக இருந்து 100-ஐத் திருப்பிக் கொடுத்தாலும், போன கூலி 30 போனதுதான். திரும்பி வந்த கூலி 25-ஐயும் அவர் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் கட்டுவார். கரன்சி மாற்றத்தில் இழந்தது 4. மொத்தம் 59. மூன்றரை விற்பனையின் லாபம் ஒரு திரும்பலில் கரைந்துவிடுகிறது. ஏழெட்டுப் பார்சலில் இரண்டு திரும்பியிருந்தால் நீங்கள் இப்போதே கைக்காசு போட்டுத்தான் தொழில் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

பார்சல் ஏன் திரும்புகிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்த எண்ணிக்கையைக் குறைக்கலாம். எல்லாவற்றையும் கெடுபிடி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம், ஆனால் உள்ளே இருப்பவை வெவ்வேறு சிக்கல்கள்.

ஒன்று, குறைந்த விலைப் பார்சலுக்கு இருந்த வரி விலக்கு போய்க்கொண்டிருப்பது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1-இல் நீக்கியது. அமெரிக்கா 2016-இல் 200 டாலரிலிருந்து 800 டாலராக உயர்த்திய விலக்கை, சீனா, ஹாங்காங் சரக்குகளுக்கு 2025 மே 2 முதலும், மற்ற எல்லா நாடுகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் 29 முதலும் நிறுத்திவைத்தது. வரியை யார் வசூலிப்பது, எப்படி அமெரிக்கச் சுங்கத்திடம் கட்டுவது என்ற ஏற்பாடு முழுமையாகத் தயாராகாததால் பல நாட்டு அஞ்சல் துறைகள் அந்த வாரம் அமெரிக்காவுக்குப் பொருள் அனுப்புவதையே நிறுத்தின. உலக அஞ்சல் ஒன்றியத்தின் கணக்கில் 88 அஞ்சல் நிறுவனங்கள் சேவையை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்தியிருந்தன. உங்கள் நாடு எதுவாக இருந்தாலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது: இப்படிப்பட்ட விதியில் ஆர்டர் கொடுத்த தேதிக்கு மதிப்பில்லை, பொருள் சுங்கத்துக்குள் நுழையும் தேதிதான் கணக்கு. கெடு தேதிக்கு முன் அவசரமாக வாங்கிக் குவித்த சரக்கு நடுவழியில் இருந்தால், புது வரியையும் கட்டி அவசரக் கூலியையும் இழக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, தகவல் முன்கூட்டியே போகாதது. முன்பு பெட்டிமேல் ஒரு சீட்டு ஒட்டினால் போதும். இப்போது பெட்டி விமானம் ஏறுவதற்கு முன் அதன் விவரம் மின்னணு வடிவில் போய்ச்சேர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச் முதல் ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு இலக்க எச்.எஸ். குறியீட்டையும் (சுங்கத்துக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் சர்வதேச எண்) தெளிவான விவரத்தையும் கேட்கிறது. "பாகங்கள்", "பரிசு", "எலக்ட்ரானிக்ஸ்" என்று எழுதினால் நிராகரிக்கப்படும். விற்பனையாளருக்கு நீங்களே வாசகத்தை எழுதி அனுப்புங்கள்: "பயன்படுத்திய பிலிம் கேமரா, 35 மி.மீ., பேட்டரி இல்லை, எண்ணிக்கை 1." பிலிம் கேமராக்கள் 9006 என்ற தலைப்பிலும், கேமராவில் மாட்டும் தனி லென்ஸ்கள் 9002.11-லும் வரும். இரண்டும் ஒரே பெட்டியில் வந்தால் தனித்தனிப் பொருளாக, தனித்தனி விலையோடு எழுதச் சொல்லுங்கள். நூறு வருஷத்தைத் தாண்டிய கேமரா 9706 என்ற தொல்பொருள் தலைப்பில் வரலாம். பல நாடுகளில் அதற்கு வரி குறைவு. ஆனால் வயதுக்கு ஆதாரம் காட்ட வேண்டும். வரிசை எண்ணும், அந்த எண் எந்த ஆண்டில் தயாரானது என்று காட்டும் பட்டியலின் நகலும் பெட்டிக்குள் இருக்கட்டும்.

மூன்றாவதுதான் உங்கள் துறையில் அதிகம் மாட்டிக்கொள்வது: பேட்டரி. லித்தியம் பேட்டரியைச் சாதனத்துக்குள் பொருத்திய நிலையில் மட்டுமே, அதுவும் அனுமதி பெற்ற அஞ்சல் நிறுவனங்கள் வழியாக மட்டுமே, சர்வதேச அஞ்சலில் அனுப்ப முடியும். பக்கத்தில் தனியாக ஒரு சிஆர்123ஏ லித்தியம் பேட்டரியைப் போட்டு அனுப்பினால் பெட்டியே நிற்கும். விற்பனையாளர் "இலவசமாகப் பேட்டரி சேர்த்திருக்கிறேன்" என்று எழுதினால் உடனே வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த அன்பளிப்புதான் இருப்பதிலேயே விலை உயர்ந்தது. பழைய ஒளிமானிகளுக்கான பாதரச பேட்டரிகளை, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையின்படி 2020-க்குப் பிறகு தயாரிக்கவோ ஏற்றுமதி, இறக்குமதி செய்யவோ கூடாது. பேட்டரி அறையைத் திறந்து, காலியாக இருப்பதைப் படமெடுத்து அனுப்பச் சொல்வது நல்ல பழக்கம். கசிவு இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். பழைய நைட்ரேட் சினிமாச் சுருள் தீப்பற்றும் பொருள், அஞ்சலில் அனுப்பவே கூடாது. முதலைத் தோல், பாம்புத் தோல் உறைகளுக்கு அழியும் உயிரினங்கள் தொடர்பான சைட்டிஸ் அனுமதி தேவைப்படலாம். உறையை விற்பனையாளரிடமே விட்டுவிடுங்கள். பெரிய கேமராவுக்கு மரப்பெட்டி அடித்தால், 6 மி.மீ.-க்கு மேல் தடிமனுள்ள பதப்படுத்தாத மரத்துக்கு ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (பூச்சி பரவாமலிருக்க மரத்தைச் சுத்திகரித்ததற்கான சர்வதேச அடையாளம்) வேண்டும். அட்டைப்பெட்டிக்குள் இன்னொரு அட்டைப்பெட்டி வைத்தால் அந்தத் தலைவலியே இல்லை.

சில விற்பனையாளர்கள் அனுப்ப மறுப்பதற்கு உங்கள்மேல் கோபம் காரணமில்லை. உதாரணமாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பொருள் பாதுகாப்பு விதி 2024 டிசம்பர் 13-இல் நடைமுறைக்கு வந்தபோது, ஒன்றியத்துக்குள் ஒரு பொறுப்பாளரைக் காட்ட வேண்டியிருந்தது. தொல்பொருள்களுக்கு விலக்கு இருந்தும், தங்கள் பொருள் அதில் அடங்குமா என்று ஆராய்வதைவிட அந்த நாடுகளைப் பட்டியலிலிருந்து நீக்குவதே பல சிறு விற்பனையாளர்களுக்குச் சுலபமாகப் பட்டது. உங்கள் நாட்டையும் யாராவது இப்படி நீக்கியிருந்தால் எழுதிக் கேளுங்கள். தேவையான வாசகம், குறியீடு, கூரியர் பெயர் எல்லாவற்றையும் நீங்களே தயாராகக் கொடுத்தால் ஒருசிலர் மனம் மாறுவார்கள்.

இனி 40 கேமரா யோசனை. அந்த அளவு சரக்கைச் சொந்த உபயோகம் என்று எந்தச் சுங்க அதிகாரியும் ஏற்கமாட்டார். வணிக இறக்குமதி என்று ஆனால் இறக்குமதியாளர் பதிவு எண், முறையான சுங்க அறிக்கை, பல இடங்களில் சுங்க முகவர் கட்டணம் எல்லாம் வரும். நாள் தவறினால் கிடங்கு வாடகையும் ஓடும். சரி, அதனால் பத்துப் பத்தாகப் பிரித்து ஒரே நாளில் அனுப்பச் சொல்லலாமே என்று தோன்றும். ஒரே அனுப்புநரிடமிருந்து ஒரே பெறுநருக்கு வரும் பெட்டிகளைச் சுங்கம் ஒன்றாகக் கூட்டிக் கணக்கிட முடியும், வரி தவிர்க்கப் பிரித்ததாகவும் கருதலாம். விலையைக் குறைத்துக் காட்டுவது அதைவிட மோசம்: பெட்டி தொலைந்தால் காப்பீடு எழுதிய தொகைக்குத்தான் கிடைக்கும், பொய் அறிக்கை என்று பறிமுதல் செய்தால் அஞ்சல் நிறுவனம் ஒரு பைசா தராது.

எல்லாம் சரியாக வந்து சேர்ந்தாலும், வீட்டில் சும்மா இருக்கும் கேமரா தங்கக்காசு மாதிரி அப்படியே இருக்காது. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். பின்கதவின் ஒளித்தடுப்பு நுரை ஆண்டுகள் போகப்போகப் பிசினாக உருகும். உலர்பெட்டிகளுக்கும் செலவு உண்டு. மாதம் மூன்று விற்பவருக்கு 40 கேமரா என்பது பதின்மூன்று மாதச் சரக்கு. அவ்வளவு காலம் முதல் முடங்கிக் கிடக்கும், வைப்புநிதியின் வட்டியும் போகும், முன்கூட்டி உடைத்ததற்கான அபராதமும் சேரும்.

நான் சொல்வது இதுதான். ஆறு மாதக் குடும்பச் செலவை அவசரநிதியாகத் தனியே வையுங்கள். அதற்கும் கேமராவுக்கும் சம்பந்தமே இருக்கக்கூடாது. தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கும் தனி கார்டும் தொடங்குங்கள். முழுதாகப் போனாலும் வீடு ஆடாது என்ற அளவுக்கு ஒரு தொகையைப் போடுங்கள். எந்த ஒரு பார்சலும் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். சொந்தச் சேகரிப்புக்கு வாங்குவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், இரண்டையும் கலந்தால் எது ஆசை, எது லாபம் என்று தெரியாது. புதிய நாடு அல்லது புதிய விற்பனையாளர் என்றால் முதலில் மலிவான ஒரு பொருளை மட்டும் வரவழையுங்கள். அடக்க விலைக் கணக்கில் ஒவ்வொரு பார்சலுக்கும் இழப்பு ஒதுக்கீடாக 5 சதவீதம் சேருங்கள். அதற்குப் பிறகும் விற்பனை விலையில் 15 சதவீதமாவது மிஞ்சாத பொருளை விட்டுவிடுங்கள். மேலே பார்த்த 100 ரகக் கேமரா இந்தச் சோதனையில் தேறாது. விலை உயர்ந்த பொருளில் கூலியும் கையாளும் கட்டணமும் சதவீதத்தில் சிறுத்துவிடும் என்பதால், மூன்று மலிவுக் கேமராவைவிட ஒரு நல்ல லென்ஸ் தேறுவதற்கு வாய்ப்பு அதிகம்.

பெட்டியின் அளவையும் கேளுங்கள். கூரியர்கள் பலவும் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.-இல் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எடைக்கும் நிஜ எடைக்கும் எது அதிகமோ அதற்குக் கூலி வாங்குகின்றன. 40 x 30 x 25 பெட்டி இரண்டரை கிலோவே இருந்தாலும் 6 கிலோவாகத்தான் எண்ணப்படும். வரியை அனுப்புநரே முன்கூட்டிக் கட்டும் முறை இருந்தால், மொத்தம் சற்று அதிகமாகத் தெரிந்தாலும் அதை எடுங்கள். வாசலில் புதுக் கட்டணம் முளைக்காது.

பணம் கட்டும் வழியும் முக்கியம். நேரடி வங்கிப் பரிமாற்றத்தில் போன பணத்தைத் திரும்பப் பெறுவது அபூர்வம். பேபால் வழியென்றால் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் புகார் எழுப்பலாம். அஞ்சலில் தொலைந்த பெட்டிக்கான விசாரணையைப் பொதுவாக அனுப்பியவர்தான் தொடங்க வேண்டும், இழப்பீடும் முதலில் அவருக்கே போகும். அனுப்பிய ஆறு மாதத்துக்குள் விசாரணை கேட்டாக வேண்டும் என்பதால், "இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்ற பதிலை நம்பிக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

ஏற்கெனவே திரும்பிப்போன அந்த இரண்டு பார்சல்களுக்கு வரி கட்டியிருந்தால், அதைத் திரும்பக் கேட்க வழி இருக்கலாம். சுங்க ரசீது, திரும்பிய டிராக்கிங் எண், விற்பனையாளர் பணம் திருப்பிய சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கூரியரிடமோ சுங்கத்திடமோ இந்த வாரமே விண்ணப்பியுங்கள். இதற்கும் காலக்கெடு உண்டு. லென்ஸைப் பழுதுபார்க்க வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், அது நாட்டைவிட்டுப் போகும் முன்பே வரிசை எண்ணோடு சுங்கத்தில் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது உங்கள் சொந்த லென்ஸுக்கே முழு விலைக்கு வரி கேட்பார்கள்.