வாசகர் கேள்வி - பதில்: பல்கலைக்கழக விளையாட்டுப் புகழ்க்கூடம்

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் அண்ணன் மகன், அவனுடைய பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் புகழ்க்கூடத்தில் இவ்வாண்டு சில முன்னாள் வீரர்களைச் சேர்த்ததாகவும், அமெரிக்கக் காற்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் அவர்கள் திடலுக்கு வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியதாகவும் சொன்னான். படிப்பை முடித்துப் பல ஆண்டுகள் ஆனவர்களை இப்போது தேடிப்பிடித்துச் சிறப்பிப்பது ஏன்? எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?
- வாசகி, செங்காங்

பதில்: சிறந்து விளங்கியவர்களின் பெயர்களைப் பதிவுசெய்து போற்றும் ஏற்பாடே புகழ்க்கூடம் (Hall of Fame). அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இது வழக்கமாக நடைபெறும் விழா. முன்னாள் மாணவர்கள் திரளாகத் திரும்பி வரும் இலையுதிர்கால வாரயிறுதி ஒன்றில் பெரும்பாலும் இதை வைத்துக்கொள்கிறார்கள். விருந்து நடக்கும், பெயர் பொறித்த தகடு வழங்கப்படும், திடலில் பலர் அறிய அறிமுகமும் உண்டு. விதிகள் இடத்துக்கு இடம் மாறுபடும். ஆயினும் பொதுவாக முன்மொழிவுகளைப் பெற்று, முன்னாள் மாணவர்களும் விளையாட்டுத் துறையினரும் அடங்கிய குழு ஒன்று அவற்றை ஆராய்ந்து வாக்களிக்கிறது. கடைசியாகப் பல்கலைக்கழகத்துக்காக விளையாடி ஐந்து அல்லது பத்து ஆண்டுகளாவது கடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பல இடங்களில் காணலாம். நேற்றைய வெற்றியின் ஆரவாரம் இன்றைய தீர்ப்பைப் பாதிக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

இந்த எண்ணம் அமெரிக்காவில் வேர்விட்டதே ஒரு பல்கலைக்கழக வளாகத்தில்தான். 1900-ஆம் ஆண்டில் நியூயார்க் பல்கலைக்கழகம், மாபெரும் அமெரிக்கர்களுக்கென ஒரு புகழ்க்கூடத்தை ஏற்படுத்தி முதற்கட்டமாக 29 பேரைத் தேர்ந்தெடுத்தது. இறந்து பத்து ஆண்டுகளாவது ஆனவர்களுக்கே அங்கு இடம் என்று அன்று விதித்திருந்தார்கள். 1936-இல் பேஸ்பால் புகழ்க்கூடம் தன் முதல் ஐவரைத் தேர்ந்தெடுத்தபோது ஆட்டக்காரர்கள் வாழும் காலத்திலேயே அந்தப் பெருமையைப் பெற முடிந்தது. எனக்கு இந்த இரண்டாவது வழியே சரியெனப்படுகிறது. சில ஆண்டுகள் பொறுத்திருந்து நிதானமாகத் தீர்ப்பளிப்பது நல்லது. ஆனால் உரியவர் வந்து அமர முடியாத அளவுக்குக் காலம் தாழ்த்துவது நல்லதன்று.

கேள்வி: பதக்கம் வென்றவர்களுக்கு மட்டுமா இந்த இடம்?
- வாசகர், ஈசூன்

பதில்: இல்லை. பயிற்றுவிப்பாளர்கள், விளையாட்டுக்குத் தொண்டாற்றியவர்கள், சில இடங்களில் ஓர் ஆண்டின் முழு அணி எனப் பல பிரிவுகள் உண்டு. சென்னையில் பிறந்த விஜய் அமிர்தராஜ் 2024-இல் அனைத்துலக டென்னிஸ் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றதுகூடப் பங்களிப்பாளர் பிரிவில்தான். கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் அமெரிக்காவில் 1972-இல்தான் வந்தது. அதற்கு முன் போதிய உதவித்தொகையோ அங்கீகாரமோ இன்றி விளையாடிய பெண்களைச் சில பல்கலைக்கழகங்கள் பின்னாளில் தேடிச் சேர்த்திருக்கின்றன. புகழ்க்கூடம் ஒன்று செய்யக்கூடிய மிகப் பயனுள்ள பணி இதுவே என்பேன்.

கேள்வி: சிங்கப்பூரில் இதுபோல் உண்டா? நம் பல்கலைக்கழகங்கள் இதை முனைந்து செய்தால் யாரை நினைவுகூர வேண்டும்?
- வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: தேசிய அளவில் 1985-இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் விளையாட்டுப் புகழ்க்கூடம் உள்ளது. கனகசபை குணாளனின் பெயர் அதில் இடம்பெற்றுள்ளது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக் போட்டியில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடி அவர் படைத்த தேசியச் சாதனை, 2001-இல் யு.கே. ஷியாம் 10.37 விநாடியில் ஓடும் வரை 33 ஆண்டுகள் நிலைத்தது. ஆனால் ஒரு பல்கலைக்கழகம் அவரை நினைவுகூர்ந்தால், அந்தப் பத்து விநாடிகளோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்து, உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கியவர் அவர். நம் பள்ளித் திடல்களில் ஓடிய எத்தனையோ பிள்ளைகள், அவரை நேரில் பாராமலேயே அவர் கற்பித்ததைப் பெற்றிருக்கிறார்கள். தேசிய அளவிலான கூடம் சாதனையைப் பதிவுசெய்கிறது. இத்தகைய பணியை அருகிலிருந்து கண்ட கல்வி நிலையத்தால்தான் அதை முழுமையாகச் சொல்ல முடியும்.

1966-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் 100 மீட்டர் ஓட்டத்தில் குணாளனை மயிரிழையில் முந்தித் தங்கம் வென்றவர் மலேசியாவின் மணி ஜெகதீசன். அவரோ இங்கே, அன்றைய சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றவர். வேறு நாட்டுக்காக ஓடியவராயினும், பாடநூலையும் ஓடுதடத்தையும் ஒருசேரக் கைக்கொண்ட அவரை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பெண்களில், 1973-இல் அப்போதுதான் திறக்கப்பட்டிருந்த காலாங் தேசிய விளையாட்டரங்கில் 200 மீட்டர் தங்கம் வென்ற குளோரி பர்னபஸ் ஓர் ஆசிரியை. தென்கிழக்காசியப் போட்டிகளில் அந்தத் தங்கத்தை மறுபடியும் ஒரு சிங்கப்பூர்ப் பெண் வெல்ல 2015 வரை, அதாவது 42 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. வென்றவர் சாந்தி பெரேரா. பின்னர் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் படித்து, 2023 ஹாங்ஜோ ஆசியப் போட்டியிலும் 200 மீட்டரில் தங்கம் பெற்றார். 1983 தென்கிழக்காசியப் போட்டியில் பெண்களுக்கான மாரத்தானில் தங்கம் வென்ற கே. ஜெயமணியையும் இன்றைய மாணவர்கள் அறிய வேண்டும்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் அல்லது தொடக்கக் கல்லூரியில் படித்த ஒருவர் தகுதியானவர் என்று கருதினால், முன்னாள் மாணவர் சங்கத்துக்கு எழுதுங்கள். வெறும் பாராட்டுரையாக எழுத வேண்டாம். போட்டியின் பெயர், ஆண்டு, பதிவான நேரம், அணியில் அவருடன் இருந்தவர்கள் ஆகிய விவரங்களையும் சேர்த்து அனுப்புங்கள். தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்க் காப்பகத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்களும் உள்ளன. திடல்தடப் போட்டிச் செய்திகளை அங்கே தேடிப் பார்க்கலாம். அந்த வீரரோ வீராங்கனையோ மூத்த வயதில் இருந்தால், முதலில் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாளிதழைப் பிறகு தேடலாம்.